எறிவதற்கென்று செய்த தட்டு

போன மாதம் டிலானி ஒரு புத்தகம் கொண்டுவந்து தந்தாள். வழவழப்பான தாள், தடித்த அட்டை, அட்டையின் நடுவில் ஒரு வெள்ளைத் தட்டு. வேறொன்றும் இல்லை, ஒரு தட்டு. ஏதோ சந்திரனைப் படம் பிடித்த மாதிரி. நான் முப்பது வருடத்துக்குக் கிட்ட வேலை செய்த கிட்டங்கிக்குச் சாமான் அனுப்புகிற சுவீடன் கம்பனியின் வரலாறாம். டிலானி இங்கே இத்தாலியில், பலெர்மோவில் பிறந்த பிள்ளை. நான் ஓய்வெடுத்த பிறகு அந்தக் கிட்டங்கியின் அலுவலகத்தில் சேர்ந்தவள்.

"அன்ரி, கடைசிப் பக்கத்தைப் பாருங்கோ. புதுச் சாமான் வந்திருக்கு. எறியத் தேவையில்லை, கழுவிக் கழுவிப் பாவிக்கலாமாம். றெவொலுசியோனே எண்டு போட்டிருக்கினம்."

குடித்த தேத்தண்ணி எனக்கு மூக்கால் வந்தது.

"ஏன் சிரிக்கிறியள்?"

"உந்தப் புரட்சியை எங்கட பிலோமினா எப்பவோ செய்திட்டாள், பிள்ளை. அதுக்கு அவளுக்குக் கிடைச்ச பரிசும் எனக்குத் தெரியும்."

"மா கோமே? அதெப்பிடி? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே. எழுதித் தாங்கோ அன்ரி, எங்கட ஆண்டு மலரிலை போடுவம்."

அதனால்தான் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் முடித்தவள் இல்லை. கதைக்கிற மாதிரித்தான் எழுத வரும்.

முதலில் அந்தப் புத்தகத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன், மிச்சப் பேருக்குக் காசும் கண்ணும் மிச்சம். வடக்கே பனி மூடிய ஊர் ஒன்றில் ஒரு கடதாசி ஆலை. அந்த ஆலைக்கு ஒருநாள் ஞானம் பிறந்து வாய் துடைக்கிற கடதாசி செய்தது. பிறகு கடதாசிக் குவளை. பிறகு கடதாசித் தட்டு. 'பெண்களைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியடியில் இருந்து விடுவித்தோம்' என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். எந்தப் பெண்களையோ தெரியாது. தொட்டியடியில் நின்ற எங்களை ஒருவரும் வந்து விடுவிக்கவில்லை. பிறகு பிளாஸ்ரிக் வந்தது, அதுதான் எதிர்காலம் என்றார்கள். பிறகு பிளாஸ்ரிக் பாவம் என்றார்கள். பிறகு கரும்புச் சக்கையில் தட்டுச் செய்தார்கள். இந்த வேகத்தில் போனால் வாழையிலையைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இன்னும் ஒரு ஐம்பது வருடம் போதும். நடுவில் கம்பனி பல கை மாறியிருக்கிறது. வாங்கினவர், விற்றவர், திரும்ப வாங்கினவர் எல்லாருக்கும் கோட்டுச் சூட்டோடு படம் உண்டு. தட்டைத் தூக்கினவர்களுக்கு ஒரு படம்கூட இல்லை.

சரி, என் கதை.

இங்கே வந்த புதிதில் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில் ஒரு சிஞ்ஞோரா வீட்டில் வேலைக்கு நின்றேன். கடுமையான மனுசி, ஆனால் நேர்மை. கத்தி எந்தப் பக்கம், கரண்டி எந்தப் பக்கம், தட்டுக்கும் மேசை விளிம்புக்கும் எத்தனை விரல் இடைவெளி, எல்லாம் அவவிடம் படித்தது. ஒரேத்தோவில் இருந்த கிட்டங்கிக்கு மேசை விரிக்கத் தெரிந்த ஒரு பெண் தேவை என்று கேள்விப்பட்டு, "போ, அங்கே ஓய்வூதியமாவது கிடைக்கும்" என்று அவவே அனுப்பிவைத்தா. மேசை விரிக்க என்று போனாலும் முதல் இரண்டு வருடம் கூட்டினேன், பெட்டி அடுக்கினேன். இத்தாலியன் வாசிக்கப் பழகியதே பெட்டிகளில்தான். நானாக எழுத்துக் கூட்டி வாசித்த முதல் சொல் 'மொனோஊசோ'. ஒருமுறை பாவித்து எறிவது என்று பொருள். ஒரு மொழிக்குள் போக எவ்வளவு அழகான வாசல் பாருங்கள்.

எங்கள் மேலாளரை எல்லாரும் தொத்தோரே, அதாவது கலாநிதி, என்றுதான் கூப்பிடவேண்டும். பலெர்மோவில் கழுத்துப்பட்டி கட்டினவர் எல்லாரும் தொத்தோரே. இவர் எதில் தொத்தோரே என்று கடைசிவரை நான் அறியவில்லை. வாய் துடைக்கிற புதுக் கடதாசிச் சேவியற் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு மேல் உதட்டில் மூன்று தரம் தடவிப் பார்ப்பார். பிறகு, "லினன் துணி வெட்கப்படும்" என்பார். ஒவ்வொரு சேவியற்றுக்கும் அதே வசனம். ஆனால் மத்தியானம் ஒரு மணிக்குத் தன் மேசை லாச்சியைத் திறந்து, பூப்போட்ட ஒரு பீங்கான் தட்டு, வெள்ளிக் கரண்டி, இஸ்திரி போட்ட துணிச் சேவியற் எல்லாம் எடுத்து வைத்துத்தான் சாப்பிடுவார். கிட்டங்கி நிறைய லட்சக்கணக்கில் தட்டு, மனுசன் ஒன்றில்கூடச் சாப்பிட்டதில்லை. நான் ஒருநாள் கேட்டேன்.

"தொத்தோரே, எங்கடை தட்டிலை சாப்பிட்டுப் பாக்கேல்லையோ?"

"தவமணி, நான் அதை விற்கிறவன்" என்றார். கோபம்கூட இல்லை.

அந்தப் பீங்கானை ஒவ்வொரு நாளும் கழுவித் துடைத்து லாச்சியில் வைப்பது பிலோமினாவின் வேலை. பிலோமினா மன்னார்ப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள், கிட்டங்கியைத் துப்புரவு செய்ய வந்தவள். நாங்கள் இரண்டு பேர்தான் அங்கே தமிழர். நான் அம்மன் கோயில், அவள் மாதா கோயில். இரண்டு கோயிலிலும் சமைக்க ஆள் குறைந்தால் இரண்டு பேரும் போவோம். அவளுடைய மகள் மன்னாரில் அவளுடைய தமக்கையோடு இருந்தாள், ஒன்பது வயது. வேலை ஒப்பந்தம் கையில் இருந்து, பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியும் புதுப்பித்துக் கிடைத்தால்தான் பிள்ளையைக் கூப்பிட விண்ணப்பம் போடலாம். பிலோமினாவின் கதை எங்கே தொடங்கினாலும் அதிலேதான் வந்து முடியும்.

இனி, மேசை காட்டுகிற முறையைச் சொல்லவேண்டும். அது தெரியாவிட்டால் நடந்தது விளங்காது.

ஹோட்டல்காரர், கல்யாண மண்டபக்காரர் வருகிற நாளில் நான் மேலே மாதிரி அறையில் மாதிரி மேசை விரிப்பேன். இருபது பேருக்கு. துணி போன்ற கடதாசி விரிப்பு, அதில் மடிப்புத் தெரியக்கூடாது. கண்ணாடி போலத் தெளிவான தடித்த பிளாஸ்ரிக் தட்டு, பெரிதின்மேல் சிறிது. சேவியற்றைத் தாமரை மாதிரி மடிக்கவேண்டும், நடு இதழை நகத்தால் ஒருமுறை இழுத்துவிட்டால்தான் நிமிர்ந்து நிற்கும். எல்லாரும் சுற்றி நின்றதும் தொத்தோரே ஒரு கிளாஸ் சிவப்பு வைனை விரிப்பில் ஊற்றுவார். இருபது எண்ணும்வரை கீழே ஊறாது. வந்தவர்கள் கை தட்டுவார்கள். தட்டில் ஒருவரும் சாப்பாடு வைக்கவில்லை, குவளையில் வாய் வைக்கவில்லை. ஆனாலும் அவர்கள் படி இறங்கின கையோடு இருபது பேருடைய தட்டு, குவளை, சேவியற் எல்லாம் கறுப்புப் பைக்குள் போகவேண்டும். சட்டம். தொத்தோரே விரலைத் தூக்கிச் சொல்வார்: "தொட்டது குப்பை." நான் ஒரு மஞ்சள் தாளில் எறிந்த சாமான்களை எழுதவேண்டும், அவர் கையெழுத்துப் போடுவார்.

எங்கள் லொறிச் சாரதி பெப்பே ஒரு நல்ல வாய்க்காரன். "சுவீடன்காரன் குப்பையை அழகாக அடுக்கி, ஒட்டி, கப்பலில் அனுப்புகிறான். நாங்கள் அதை ஒரு மணித்தியாலம் ஆட்களுக்குக் காட்டிவிட்டுக் குப்பை என்று ஒத்துக்கொள்கிறோம்" என்பான்.

ஒருநாள் பிலோமினா கறுப்புப் பையைக் கட்டப்போனவள், கட்டாமல் நின்றாள்.

"அக்கா, இதிலை ஒரு சோத்துப் பருக்கைகூடப் படேல்லையே. மாதா பெருநாளுக்கு எடுக்கட்டே?"

"தொத்தோரேயைக் கேள்."

கேட்டாள். தொத்தோரே சிரித்துவிட்டு, "குப்பை வேண்டுமா? கொண்டுபோ, கொண்டுபோ" என்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

அப்படியே ஒவ்வொரு மேசைக்கும் பொறுக்கிப் பொறுக்கி நூற்றிருபது தட்டுச் சேர்த்துவிட்டாள். மாதா பெருநாளில் அதிலேதான் பாற்சோறும் ஆட்டுக்கறியும். சாப்பிட்டு முடிந்ததும் நான்கைந்து பெண்கள் குழாயடியில் குந்தியிருந்து தட்டுகளைக் கழுவி, படுக்கை விரிப்பைப் பரப்பிக் காயவைத்து எண்ணி அடுக்குவார்கள். எங்கள் சனத்துக்கு எறி என்று எழுதியிருந்தால் என்ன, நல்ல தட்டை எறியக் கை வராது. எங்கள் அம்மன் அன்னதானத்துக்கும் அதே தட்டுத்தான் போய் வந்தது. மாதாவும் அம்மனும் ஒரே தட்டில் சாப்பாடு போட்டார்கள்.

பிழை எங்கே நடந்தது என்றால், அடுக்குகிறதில். கிட்டங்கியில் வேலை செய்து பழகின கை. பிலோமினா தட்டுகளை அதே பழைய உறைக்குள் போட்டு, அதே சுவீடன் பெட்டிக்குள் இறக்கி, ஒட்டுநாடாவை நூல் பிடித்த மாதிரி ஒட்டிவிடுவாள். கடையில் இருந்து வந்த பெட்டி தோற்கும். அவள் இருந்தது மூன்று பெண்களோடு ஒரே அறையில், பெட்டி வைக்க இடமில்லை.

"அக்கா, அடுத்த பெருநாள் வருமட்டும் மாதிரி அறைப் படிக்குக் கீழை வைக்கட்டே?"

"வை" என்றேன். வைத்தாள். பெட்டியின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் வைத்தாள். நான் அந்த வழியால் போனவள், பெயர் ஒட்டின பக்கம் உள்ளே இருப்பதைக் கண்டு கை பொறுக்காமல் வெளியே திருப்பிவிட்டேன். ஒவ்வொரு பெட்டியும் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்பது கிட்டங்கிச் சட்டம். யோசிக்கவே இல்லை. நடந்துபோகிற போக்கில் திருப்பினேன்.

அந்தச் சனிக்கிழமை பொலிதேயாமாவடியில் ஒரு ஹோட்டலில் கல்யாணம். ஒரு பெட்டி குறைகிறது என்று பெப்பே தேடியிருக்கிறான். படிக்குக் கீழே ஒரு பெட்டி, 'என்னை எடு' என்று முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை தொத்தோரே எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். அவருடைய மேசையில் ஒரு தட்டு, விளிம்பில் மஞ்சள் கறை. பக்கத்தில் அவருடைய பீங்கான் சோசரில் காய்ந்த ஒரு சின்ன இலை. ஹோட்டலில் பெட்டியை உடைத்தபோது இரண்டு தட்டுக்கு நடுவில் இருந்ததாம். மணப்பெண்ணின் தாய் கையில் எடுத்துப் பார்த்தாளாம்.

"இது என்ன இலை?" என்றார். ஒரு கொலை வழக்கு விசாரிக்கிற தோரணை.

பிலோமினா இலையை ஒருதரம் குனிந்து பார்த்தாள். "கறிவேப்பிலை, தொத்தோரே. பெட்டி என்ரை."

"பெட்டியைத் திருப்பி வைச்சது நான்" என்றேன். "அவள் மறைச்சுத்தான் வைச்சவள்."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "உன்னை நான் கேட்கவில்லை, தவமணி. உன்னை அனுப்பினால் வியாழக்கிழமை மேசையை யார் விரிப்பது? தாமரையை யார் மடிப்பது?" பிறகு பிலோமினாவிடம், "களவு" என்றார். "கடிதத்தில் அப்படித்தான் எழுதுவேன்."

இத்தாலியனில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பிலோமினா என் கையைப் பிடித்தாள். வேலை போவது ஒரு பக்கம். களவு என்று எழுதின கடிதத்தோடு பெர்மெசோவைப் புதுப்பிக்க யார் விடுவான்? பெர்மெசோ முடிய ஐந்து கிழமைதான் இருந்தது. அது போனால் பிள்ளை வராது.

வியாழக்கிழமை சுவீடன்காரர் வந்தார். வருடத்துக்கு ஒருமுறை வருகிற மேற்பார்வையாளர். மெலிந்த மனுசன், கதவைக்கூடச் சத்தம் போடாமல் சாத்துவார். அவருக்கு இத்தாலியன் தெரியாது, தொத்தோரேக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கு ஊரில் படித்த அரைகுறை ஆங்கிலம் இருந்தது. அதனால் ஒவ்வொரு வருடமும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பது நான்தான். தொத்தோரே தன்னுடைய பெரிய வழக்கைச் சுவீடன்காரருக்கு முன் வைத்தார், பாராட்டு வரும் என்று.

சுவீடன்காரர் மஞ்சள் கறைத் தட்டை எடுத்தார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். வளைத்தார். நகத்தால் சுரண்டினார்.

"எத்தனை தரம் கழுவினீர்கள்?" என்று பிலோமினாவிடம் கேட்டார்.

"ஆறு பெருநாள்."

"எதனால்?"

"ஸ்பொஞ்சும் தேசிக்காய்ப்புளியும்."

"எத்தனை உடைந்தது?"

"ஏன் உடையோணும்?" என்றாள் பிலோமினா. "நாங்கள் எறியிறேல்லையே."

நான் மொழிபெயர்த்தேன். மனுசன் சிரிக்கவில்லை. ஒரு சின்னக் கொப்பியை எடுத்து ஏதோ எழுதினார். எழுதினபடியே, "இது பெரிய குறைபாடு" என்றார். நான் களவைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அடுத்த வருடம் அதே பெயரில், அதே பெட்டியில், அதே தட்டு வந்தது, பாதித் தடிப்பில். ஒருதரம் அழுத்திக் கழுவினால் நடுவால் கீறும். பெப்பே அதை எடுத்து விரலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "தவமணி, உங்கள் மாதா இந்தக் கம்பனியைப் பயப்படுத்திவிட்டா." அதுவும் அந்த வழவழப்பான புத்தகத்தில் இல்லை.

அந்த வியாழக்கிழமை நான் வெறும் வாயோடு போகவில்லை. மஞ்சள் தாள்களை எல்லாம் தேடி எடுத்துவைத்திருந்தேன். சுவீடன்காரருக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பரப்பினேன். ஆங்கிலம் அன்றைக்கு எப்படியோ வந்தது.

"ஐயா, இந்தத் தட்டெல்லாம் எறிந்தாயிற்று என்று இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தொட்டது குப்பை என்பது இவருடைய சட்டம். கொண்டுபோ என்று சொன்னதும் இவர்தான், நான் என் காதால் கேட்டேன். குப்பையை எப்படிக் களவெடுப்பது?"

"என்ன சொல்கிறாய்?" என்று தொத்தோரே இத்தாலியனில் கத்தினார்.

"மொழிபெயர்க்கிறன், தொத்தோரே" என்றேன்.

சுவீடன்காரர் எல்லாத் தாளிலும் இலக்கங்களையும் கையெழுத்தையும் பார்த்தார். அவசரமே இல்லை. கடைசியில், "கழித்துவிட்ட சாமான் எங்கள் சாமான் அல்ல. களவு என்று எழுத முடியாது" என்றார். உடனே அதே குரலில், அதே மரியாதையோடு, "ஆனால் இந்தப் பெண் போகவேண்டும்" என்றார். பிலோமினாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். மேசையைத் துடைக்கிற மாதிரி, கறையே இல்லாமல்.

ஆக, கடிதம் எழுதப்பட்டது: வேலை குறைந்ததால் ஒப்பந்தம் முடிக்கப்படுகிறது. வேறு ஒரு சொல்லும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் நான் விரலை வைத்து வாசித்த பிறகுதான் பிலோமினா வாங்கினாள்.

கடிதம் பைக்குள் போனது. மணி இரண்டு. தொத்தோரே சாப்பிட்டு முடித்த பீங்கான் தட்டு, தக்காளிச் சாற்றோடு, வழக்கம்போல அவள் எடுப்பதற்காக மேசையில் இருந்தது. பிலோமினா எடுத்தாள். தொட்டிப் பக்கம் போகாமல் நேரே முற்றத்துக்குப் போய்க் கறுப்புப் பைக்குள் வைத்தாள். போடவில்லை, வைத்தாள். வாயைக் கட்டினாள். தொத்தோரே யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன செய்கிறாய்?"

"தொட்டது, தொத்தோரே" என்றாள்.

எனக்கு அவளைப்போலத் துணிவு இல்லை. நான் அதற்குப் பிறகும் அங்கே வருடக்கணக்கில் தாமரை மடித்தேன். தொத்தோரே வாங்கின புதுப் பீங்கானையும் நானே கழுவினேன். எனக்கும் ஓய்வூதியம் வேண்டியிருந்தது. மற்றவர்களை இவ்வளவு நக்கலடித்துவிட்டு என்னை மட்டும் விடக்கூடாது, அதற்காகத்தான் இதையும் எழுதுகிறேன்.

அன்றைக்குப் பின்னேரமே என் பழைய சிஞ்ஞோராவிடம் ஓடினேன். அவ வயதுபோய்க் கைத்தடியோடு இருந்தா. ஒரு ஆள் தேவை என்று எப்போதும் சொல்வா, வருகிறவர்களை எல்லாம் இரண்டு நாளில் துரத்திவிடுவா.

"அந்தப் பெண்ணை ஏன் நிறுத்தினார்கள்? உண்மையைச் சொல்."

"தட்டுக் கழுவினதுக்கு, சிஞ்ஞோரா."

அவ கைத்தடியை இரண்டு தரம் நிலத்தில் குத்தினா. "கழுவினதற்கா? இந்த ஊரில் கழுவாததற்கு நான் எத்தனை பேரை நிறுத்தியிருக்கிறேன். கூட்டிக்கொண்டு வா."

ஒப்பந்தம் எழுதி, கையெழுத்து வைத்து, பதிவு செய்து முடிய நான்கு கிழமையும் சில நாளும் போய்விட்டன. பெர்மெசோ முடிய இரண்டு நாள் இருக்கையில், விடியக் காலை குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையக வாசலில் வரிசையில் நின்றோம். பிலோமினா முந்தின இரவு சாப்பிடவில்லை. கையில் ஒரு கோப்பு, அதற்குள் புது ஒப்பந்தம், பழைய கடிதம்.

எங்கள் இலக்கம் வந்தது. பொலிஸ்காரர் புது ஒப்பந்தத்தைப் பார்த்தார். பிறகு பழைய கடிதத்தை எடுத்தார். முன்பக்கம் வாசித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. திரும்ப முன்பக்கம்.

"இங்கே ஏதாவது பிரச்சினையா?"

நான் வாயைத் திறக்கமுன் பிலோமினாவே பதில் சொன்னாள், தன் இத்தாலியனில், ஒவ்வொரு சொல்லாக: "இல்லை. அவையளுக்கு என்னைத் தேவையில்லை. இவவுக்குத் தேவை." சிஞ்ஞோராவின் கையெழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

அவர் முத்திரையைக் குத்தி, பெர்மெசோ விண்ணப்பத்தை ஏற்றதற்கான பற்றுச்சீட்டைக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. படியிலேயே இருந்துவிட்டேன். "பெட்டியைத் திருப்பினது நான்தானே பிலோமினா, என்னாலைதானே இவ்வளவும்" என்று சொல்லத் தொடங்கினேன். அவள் காதில் விழுத்தவே இல்லை. பற்றுச்சீட்டை நாலாக மடிக்காமல், நேராகக் கோப்புக்குள் வைத்துவிட்டு, குடும்பத்தைக் கூப்பிட என்ன வேண்டும் என்று வாசலில் ஒட்டியிருந்த அறிவித்தலில் ஒவ்வொரு வரியாக விரலை ஓடவிட்டுக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அழுகிறதைப் பிறகு அழுங்கோ. இஞ்சை வந்து இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றாள். "பிள்ளையின்ரை படம் எத்தினை கேக்கினம்?"